ஒரு பல் தவறினால்...
(டைமிங் பெல்ட்டைப் பார்ப்பதும் மாற்றுவதும்)

இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு



வால்வு டைமிங் டயகிராம் வரையச் சொன்னால் நம் வகுப்பில் வரையாதவர் யாருமில்லை. ஒரு வட்டம், மேலே டி.டி.சி., கீழே பி.டி.சி., இன்லெட் எங்கே திறக்கிறது, எக்சாஸ்ட் எங்கே மூடுகிறது என்று நாலு கோடு, இரண்டு அம்புக்குறி. நானும் வரைந்தேன், மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்த வட்டமும் அம்புக்குறியும் நிஜ இன்ஜினுக்குள் எதை நம்பி நிற்கின்றன என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். இரண்டு விரல் அகலம் இருக்கும் ஒரு கறுப்பு ரப்பர் பட்டையை நம்பித்தான் நிற்கின்றன. போன தீபாவளி விடுமுறையில் இதை ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் வாத்தியார் இல்லை, எங்கள் தெருவில் டாக்ஸி ஓட்டும் அண்ணன்.

அவர் வைத்திருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டீசல் கார். விற்றவர் "பெல்ட் எல்லாம் இப்பத்தான் மாத்தினேன்" என்று சொல்லிக் கொடுத்தாராம். பில்லைக் கேட்கவில்லை. திண்டிவனம் தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, சாவியை யாரோ திருப்பி அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிட்டது. முன்னறிவிப்பாக ஒரு சத்தம் கிடையாது, புகை கிடையாது, ஹீட்டும் ஏறவில்லை. ஓரங்கட்டி, நம் ஊர் வழக்கப்படி மூன்று நாலு தடவை செல்ப் அடித்துப் பார்த்திருக்கிறார். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது வால்வுகள் வளைந்திருந்தன, பிஸ்டன் தலையில் பிறைபிறையாக வெட்டு. பெல்ட் அறுந்துகூடப் போகவில்லை. கிராங்க் புல்லி பக்கம் இருந்த பற்கள் மட்டும் வழித்தெடுத்த மாதிரி உதிர்ந்திருந்தன. வண்டி ஏழு வாரம் ஒர்க்ஷாப்பில் நின்றது, கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் டீக்கடையில் என்னைப் பார்த்து அவர் கேட்டார்: "ஏன் தம்பி, நீ இதைத்தானே படிக்கிறே? நம்ம வண்டியில நீ எத்தனை தடவை வந்திருப்பே. ஒரு வார்த்தை, 'அண்ணே, பெல்ட் எப்ப மாத்தினது'ன்னு கேட்டிருக்கக் கூடாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஒருவனைக் கூட்டி வந்து எங்கள் வீட்டு மாருதி 800-ன் பானெட்டைத் திறந்தேன். அன்று நாங்கள் செய்தது, செய்யாமல் விட்டது, செய்யவிருந்து தப்பியது மூன்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

பெல்ட் எதற்கு?

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுழற்சி முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதே நேரத்தில் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு தடவை திறந்து மூட வேண்டும். ஆகவே கிராங்க் இரண்டு சுற்றினால் கேம்ஷாப்ட் ஒரு சுற்று. கேம் புல்லியில் கிராங்க் புல்லியைப்போல இரண்டு மடங்கு பற்கள் இருப்பது இதற்காகத்தான். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் கேம் நிமிடத்துக்கு 1,500, அதாவது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. இதில் எதுவும் ஒரு பல்கூட முன்பின் ஆகக் கூடாது.

அம்பாசடர், பத்மினி இன்ஜின்களில் கேம்ஷாப்ட் கீழே, பிளாக்குக்குள் இருந்தது. கிராங்குக்குப் பக்கத்திலேயே இருந்ததால் குட்டையான ஒரு சங்கிலி போதும், மேலே உள்ள வால்வுக்குப் புஷ்ராடு போகும். கேம்ஷாப்டை ஹெட்டுக்கு மேலே தூக்கி வைத்ததும் தூரம் கூடிவிட்டது. நீளமான சங்கிலி என்றால் சத்தம், எடை, எண்ணெய்க் குளியல், விலை எல்லாம் சேரும். 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி தன் 1004 மாடல் காரில் பல் வைத்த ரப்பர் பெல்ட்டைப் போட்டு வழிகாட்டியது. பிறகு பலரும் அந்த வழிக்கு வந்தார்கள். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரி வரை தயாரான மாருதி 800 மூலமாகத்தான் நம் ஊர் தெருக்கோடி மெக்கானிக்குகளில் பலருக்கு டைமிங் பெல்ட் அறிமுகம் ஆகியிருக்கும். இப்போதைய கே சீரிஸ் இன்ஜின்களில் மாருதி மறுபடி சங்கிலிக்கே போய்விட்டது. அதற்காக பெல்ட் பாடம் பழசாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ரோட்டில் ஓடும் பழைய வண்டிகள் எல்லாம் முதலில் வந்து நிற்கப் போவது நம்மிடம்தான்.

பெல்ட்டைச் சும்மா ரப்பர் என்று சொல்லிவிட முடியாது. இழுவையைத் தாங்குவது உள்ளே நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைக் கயிறு. அதைச் சுற்றி ரப்பர், பல்லின் மேல் தேய்மானம் தாங்க நைலான் துணி. கண்ணாடி இழை இழுத்தால் நீளாது, அதனால்தான் டைமிங் மாறாமல் நிற்கிறது. ஆனால் மடித்தால் உடையும். புதுப் பெல்ட்டைக் கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து எடுத்து, பெல்ட் தரமானதுதான் என்று காட்டுவதற்காக உள்வெளியாகத் திருப்பி முறுக்கினால் அந்தப் பெல்ட்டை வாங்காதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இழை போயிருக்கலாம்.

வால்வும் பிஸ்டனும்

டாக்ஸி அண்ணன் வண்டியில் நடந்ததற்குக் காரணம் அது 'இன்டர்ஃபியரன்ஸ்' வகை இன்ஜின். மேன்ஷனில் ஒரே கட்டிலைப் பகல் ஷிப்ட்காரனும் நைட் ஷிப்ட்காரனும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்களே, அந்த மாதிரி. வால்வு இறங்கி நிற்கும் இடத்துக்குத்தான் பிஸ்டனும் மேலே வருகிறது, ஆனால் வேறு நேரத்தில். முறை தவறாதவரை சண்டை இல்லை. பெல்ட் போனதும் கேம் அங்கேயே நின்றுவிடும், ஏதோ ஒரு வால்வு திறந்தபடியே இருக்கும். வண்டி ஓடும் வேகத்தில் கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கும், பிஸ்டன் மேலே வந்து அறையும். டீசலில் கம்ப்ரஷன் ரேஷியோ அதிகம். டி.டி.சி.யில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், வால்வு ஒதுங்க இடமே இல்லை. ஓடும்போது நின்ற இன்ஜினைத் திரும்பத் திரும்பச் செல்ப் அடிப்பது அடிபட்டவனை எழுப்பி மறுபடி அடிப்பதுதான்.

எல்லா இன்ஜினும் இந்த வகை அல்ல. சில பெட்ரோல் இன்ஜின்களில் பெல்ட் போனாலும் வால்வும் பிஸ்டனும் தொடாத அளவு இடம் விட்டிருப்பார்கள், புதுப் பெல்ட் போட்டால் ஓடிவிடும். என் கருத்து, எந்த இன்ஜினைத் தொட்டாலும் அது முட்டும் இன்ஜின்தான் என்று நினைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அப்படிச் செய்து யாரும் நஷ்டப்பட்டதில்லை.

பார்ப்பது

முதலில் காகிதத்தைப் பாருங்கள், அப்புறம் பெல்ட். எத்தனை கிலோமீட்டரில், எந்த வருடம் மாற்றினது? அந்த வண்டியின் கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று போட்டிருக்கிறது? பல வண்டிகளுக்கு இது 60,000-க்கும் 1,00,000-க்கும் நடுவில் எங்கோ வரும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடக் கணக்கு உண்டு, நின்ற வண்டியிலும் ரப்பர் மூப்படையும். எங்கள் வீட்டில் அப்பாவைக் கேட்டேன். "ஒரு தடவை மாத்தின ஞாபகம்டா" என்றார். எந்த வருடம் என்றால், "நீ ஏழாவது படிக்கும்போது இருக்கும்." இதுதான் எங்கள் சர்வீஸ் ரெக்கார்டு.

மூடியைத் திறந்து டார்ச் அடித்து, இன்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, பெல்ட்டின் முழு நீளத்தையும் பார்க்க வேண்டும். கண்ணுக்கு நேரே இருக்கும் ஒரு சாண் பெல்ட்டைப் பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று மூடுவதுதான் சாதாரணமாக நடக்கும் தப்பு. பல்லின் அடியில் வெடிப்பு, பல் உதிர்வு, ஓரத்தில் நூல் பிரிதல், முதுகுப் பக்கம் கண்ணாடிபோல் பளபளப்பு, எண்ணெய் ஈரம் இதில் எது இருந்தாலும் பெல்ட்டுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். ஓரம் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் புல்லியோ டென்ஷனரோ கோணலாக நிற்கிறது. எண்ணெய் ஈரம் இருந்தால் கேம் சீல் அல்லது கிராங்க் முன்சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பெல்ட் போடுவது சேற்றில் புதுச் செருப்பு.

இங்கே பழைய புத்தகங்களை முழுக்க நம்பாதீர்கள். வெடிப்பு வந்தால் மாற்று என்று அவை சொல்லும். அது பழைய நியோபிரீன் ரப்பருக்குச் சரி. பிறகு வந்த எச்.என்.பி.ஆர். ரப்பர் பெல்ட்டுகள் சூட்டைத் தாங்கும், சுலபத்தில் வெடிக்காது. வெளியே வழவழவென்று இருக்கும்போதே உள்ளே இழை களைத்துப் போயிருக்கும். மோசமாகத் தெரியும் பெல்ட்டைத் தூக்கிப் போடத்தான் கண்பார்வை உதவும். நல்லதாகத் தெரியும் பெல்ட்டுக்கு அது உத்தரவாதம் தராது. மாற்றின தேதி தெரியாத பெல்ட், மாற்ற வேண்டிய பெல்ட்.

எங்கள் பெல்ட்டில் வெடிப்பு ஒன்றும் இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் தாடி மயிர்போல நூல் எட்டிப் பார்த்தது. "இன்னும் ஓடும்டா மச்சி" என்றான் நண்பன். ஓடும்தான், எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

கழற்றுவது

800-ன் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் மூன்று சிலிண்டர், மேலே ஒரே கேம். போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. (பெருக்கிப் பாருங்கள், 796 சி.சி. வரும்.) ஃபயரிங் ஆர்டர் 1-3-2. பெல்ட் இருப்பது கியர் பாக்ஸுக்கு எதிர்ப் பக்கம். இடம் குறுகல், கை பெரிதாக இருப்பவர்கள் விரல் முட்டியில் தோலைக் காணிக்கை வைக்க வேண்டியிருக்கும்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சமதளம், பின் சக்கரத்துக்குக் கல், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வைக்கவும். அந்தப் பக்க முன் சக்கரத்தைக் கழற்றினால் வேலை சுலபம். ஆனால் ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே தலையைக் கொடுக்காதீர்கள், ஸ்டாண்டு இல்லையென்றால் அன்று வேலையே வேண்டாம். ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றிவிடுங்கள், ஒயர்களுக்கு 1, 2, 3 என்று டேப் ஒட்டிக்கொண்டு. இதை ஏன் முக்கியமாகச் சொல்கிறேன் என்றால், பிளக் இல்லாத இன்ஜினில் கம்ப்ரஷன் எதிர்க்காது, ஸ்பேனருக்கு லேசாகச் சுற்றும். அதற்கப்புறமும் எங்காவது 'டக்'கென்று நின்றால் அது காற்று இல்லை, இரும்பு. கைக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

ஆல்டர்னேட்டர் பெல்ட்டை எடுத்துவிட்டு கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டும். போல்ட் பிடிவாதமாக இருந்தால் டாப் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் தளர்த்தலாம். கழன்றதும் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். நாங்கள் எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்பதால் புல்லி, மூடி இரண்டையும் ஒரே மூச்சில் எடுத்தோம்.

இனிமேல்தான் பாடம். பெல்ட்டில் கை வைக்கும் முன்பு குறிகளைச் சேர்க்க வேண்டும். கிராங்கின் பல்சக்கரத்தில் ஒரு குறி, அதற்கு எதிரே ஆயில் பம்ப் உடம்பில் ஒரு குறி. மேலே கேம் பல்சக்கரத்தில் ஒரு குறி, அதற்கு எதிரே அசையாத பாகத்தில் ஒரு குறி. இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் நேராக வரும்வரை இன்ஜினை ஓடும் திசையில், அதாவது பெல்ட் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்றில், கிராங்க் போல்ட்டை வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். கேம் போல்ட்டைப் பிடித்துச் சுற்றக் கூடாது. (எல்லா இன்ஜினும் கடிகாரச் சுற்று என்று நினைத்துவிடாதீர்கள், பழைய ஹோண்டாக்கள் சில எதிர்ச்சுற்று.) கிராங்க் குறி ஒவ்வொரு சுற்றுக்கும் வரும், கேம் குறி இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வரும். முதல் தடவை கீழ்க்குறி சேர்ந்தபோது கேம் குறி நேர் எதிர்ப் பக்கம் நின்றது. நண்பன் "ஐயய்யோ, ஏற்கனவே தப்பா இருக்குடா" என்றான். இன்னொரு சுற்று சுற்றினோம், சேர்ந்துவிட்டது. படத்தில் எத்தனை தடவை வரைந்திருந்தாலும், ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அது மறந்துவிடுகிறது.

குறிகள் சேர்ந்ததும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, டென்ஷனரைத் தள்ளிப் பிடித்துப் பெல்ட்டைக் கழற்றலாம். அதற்குப் பின் கேமையும் கிராங்கையும் யாரும் தொடக் கூடாது. வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பா "இது சுத்துமா?" என்று ஸ்பேனரை எடுத்தார். கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது.

டென்ஷனரைக் காதருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றாலோ, கிரீஸ் வற்றிச் சுதந்திரமாகச் சுழன்றுகொண்டே இருந்தாலோ, ஆட்டம் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். புதுப் பெல்ட்டைப் பழைய டென்ஷனர் கொல்லும். சீல் கசிந்தால் இப்போதே மாற்றுவதுதான் சிக்கனம். பல இன்ஜின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றும், அங்கே பம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாட்டுவது

பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணுங்கள். அகலம், பல்லின் வடிவம் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்ட் நம்பர் பொருந்துகிறது என்ற நம்பிக்கையில் எண்ணாமல் விடாதீர்கள். பெல்ட்டில் அம்புக்குறி அச்சிட்டிருந்தால் அது ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது.

கீழே கிராங்கில் முதலில் மாட்டி, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக இழுத்துக்கொண்டே மேலே கேமில் ஏற்ற வேண்டும். தளர்ச்சி எவ்வளவு இருந்தாலும் டென்ஷனர் பக்கமே சேர வேண்டும். இந்த ஒரு வரியை நாங்கள் கவனிக்கவில்லை, அதை இப்போது சொல்கிறேன்.

பெல்ட்டை மாட்டினோம். குறிகளைப் பார்த்தோம், இரண்டு ஜோடியும் நேர். டென்ஷனரை விட்டோம், ஸ்பிரிங் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பார்க்க அழகாக இருந்தது. மணி ஒன்பதே கால், அம்மா மூன்றாவது தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். நண்பன் சொன்னான், "மச்சி, எல்லாம் கரெக்டா நிக்குது. புல்லியை மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்துரலாம்."

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் டாக்ஸி அண்ணன் வண்டியைச் சரிசெய்த மெக்கானிக் அண்ணனிடம் போய் விவரம் கேட்டிருந்தேன். அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "கையால ரெண்டு சுத்து சுத்தாம சாவியைத் தொடாதே." சரி, சுற்றுவோம் என்று ஸ்பேனரைப் போட்டேன். மெதுவாக முழுசாக இரண்டு சுற்று. எங்கும் முட்டவில்லை. கீழ்க்குறி நேராக வந்து நின்றது. மேலே பார்த்தால் கேம் குறி ஒரு பல் பின்னால்!

நடந்தது இதுதான். நாங்கள் மாட்டும்போது விறைப்பாக இருக்க வேண்டிய பக்கத்தில் கொஞ்சம் தளர்ச்சி விட்டிருந்தோம். நின்ற நிலையில் குறி சரியாகத் தெரிந்தது. கிராங்க் இழுக்க ஆரம்பித்ததும் முதலில் அந்தத் தளர்ச்சியைத்தான் விழுங்கியது. அப்புறம்தான் கேம் நகர்ந்தது. அந்தக் கொஞ்சம், ஒரு பல்லாக வெளியே வந்துவிட்டது.

ஒரு பல் என்றால் எவ்வளவு? கணக்குப் போடலாம். கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல்லுக்கு 360-ஐ 20-ஆல் வகுக்க 18 டிகிரி கிராங்க் கோணம். நம் டயகிராமில் ஐ.வி.ஓ. பத்து டிகிரியா பன்னிரண்டா என்று அடித்துக்கொள்கிறோம், இங்கே ஒரே பல்லில் 18 டிகிரி போய்விடுகிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் இழுவை இருக்காது, ஐடிலிங் நடுங்கும், பெட்ரோல் குடிக்கும். காரணம் புரியாமல் கார்புரேட்டரைக் கழற்றுவோம், பிளக்கை மாற்றுவோம், பாயிண்டை நோண்டுவோம். இடம் குறைவான இன்ஜினாக இருந்து இரண்டு மூன்று பல் தவறியிருந்தால் முதல் சாவியிலேயே கதை முடிந்திருக்கும்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு பல்லுதானேடா..." என்று ஆரம்பித்து அவனே நிறுத்திக்கொண்டான். மறுபடி கழற்றினோம். இந்தத் தடவை அவன் கேம் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் கீழிருந்து இழுத்துக்கொண்டே ஏற்றினேன். இரண்டு சுற்று, சரி. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு சுற்று, அப்போதும் சரி. அதற்குப் பிறகுதான் டென்ஷனரை இறுக்கினோம்.

இங்கே இரண்டு விஷயம் உங்களுக்குக் குழப்பம் தரலாம். பழைய பெல்ட்டில் வெள்ளைப் பெயிண்டால் குறி போட்டு, அதைப் புதுப் பெல்ட்டுக்கு மாற்றி மாட்டும் பழக்கம் உண்டு. மாட்டுவதற்கு அது வசதிதான், ஆனால் பழசு ஏற்கனவே தப்பாக இருந்தால் தப்பையும் சேர்த்து நகல் எடுப்பீர்கள். மேலும் இரண்டு சுற்று சுற்றிய பிறகு பெல்ட்டில் போட்ட குறி பழைய இடத்துக்கு வராது, பெல்ட்டின் பல் எண்ணிக்கை வேறு கணக்கு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சக்கரங்களின் குறியும் அசையாத உடம்பின் குறியும் சேருகின்றனவா என்பது மட்டுமே சாட்சி.

டென்ஷன் விஷயம். எங்கள் வண்டியில் ஸ்பிரிங்தான் டென்ஷனைத் தீர்மானிக்கிறது, நாம் பலம் காட்ட வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை வேலை செய்யவிட்டு, ஓடும் திசையில் இரண்டு சுற்று சுற்றி, அது பிடித்த இடத்தில் போல்ட்டை இறுக்குவது அவ்வளவுதான். ஆனால் வால்வு ஸ்பிரிங்குகள் கேமை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தால் டென்ஷன் ஏமாற்றும். ராக்கரில் உள்ள டாப்பெட் ஸ்குரூக்களை முதலிலேயே தளர்த்தி வைத்தால் கேம் லேசாகச் சுற்றும், டென்ஷன் ஒழுங்காக விழும். அப்படித் தளர்த்தினால் கடைசியில் டாப்பெட் இடைவெளியைக் கையேட்டின் அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துத் திரும்ப வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பெல்ட்டின் நீளமான பகுதியை இரண்டு விரலால் பிடித்துக் கால் சுற்று திருப்பிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் அளவுகோல். அதைச் சந்தேகம் தீர்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதிகம் இறுக்கினால் ஓடும்போது ஊளையிடும், பேரிங் போகும். தளர்ந்தால் மூடியில் அடிக்கும், பல் தாண்டும்.

டார்க் ரென்ச் வீட்டில் இருக்காது. நம் லேப் அண்ணனிடம் கெஞ்சி, கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை காலை முதல் மணிக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தேன். கைக்கணக்கில் இறுக்கின டென்ஷனர் போல்ட் கழன்று, புதுப் பெல்ட் போன கதைகள் ஒர்க்ஷாப் பக்கம் போனால் கேட்கலாம்.

மூடி, புல்லி, ஆல்டர்னேட்டர் பெல்ட், பிளக், பேட்டரி ஒயர். எடுத்த வரிசைக்குத் தலைகீழ். மிச்சம் போல்ட் இருக்கிறதா என்று தரையைப் பாருங்கள். எங்களுக்கு ஒன்று மிஞ்சியது, பத்து நிமிடம் உயிர் போய் உயிர் வந்தது. அது சித்தப்பாவின் சைக்கிள் போல்ட்.

எதை வீட்டில் செய்யக் கூடாது?

தைரியம் வந்துவிட்டது என்பதற்காக எல்லா வண்டியையும் திறந்துவிடாதீர்கள். பெல்ட்டே டீசல் பம்பையும் சுற்றும் இன்ஜினில் மூன்றாவதாக ஒரு குறி, பம்ப் குறி, சேர வேண்டும். அது தவறினால் இன்ஜெக்ஷன் டைமிங்கும் போச்சு. சில இன்ஜின்களில் குறியே இருக்காது, கேமையும் கிராங்கையும் ஊசி போட்டுப் பூட்டும் தனிக் கருவி வேண்டும். இரட்டைக் கேம் இன்ஜினில் பெல்ட் கழன்றதும் வால்வு ஸ்பிரிங் தள்ளி ஒரு கேம் தானாகவே துள்ளிச் சுற்றும், விரலும் மாட்டும். எண்ணெய்க்குள்ளேயே ஓடும் பெல்ட்டுகளும் வந்துவிட்டன, அவற்றுக்குத் தனிப் படிப்பு. டாக்ஸி அண்ணன் வண்டியை நான் தொட மாட்டேன் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பில்லோடு, கிலோமீட்டர் எழுதி வாங்கச் சொன்னேன், வாங்கி வந்து காட்டினார்.

எங்கள் 800, இரவு பத்தே முக்காலுக்கு முதல் சாவியிலேயே எடுத்தது. காதை மூடிக்கு அருகில் வைத்துக் கேட்டோம், பெல்ட் உரசும் சத்தம் இல்லை. மறுநாள் டைமிங் லைட் வைத்து இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்த்து, தெருவை நாலு தடவை சுற்றினோம். பானெட்டின் உள்பக்கம் ஒரு தாளில் தேதியும் மீட்டர் ரீடிங்கும் எழுதி, மழைத் தண்ணீர் படாமல் டேப் ஒட்டினேன். அப்பா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே தன் பேனாவால் "அடுத்தது எப்போது?" என்று எழுதிவிட்டுப் போனார். கையேட்டைப் பார்த்து அந்த எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன்.